கவாத்துக் கண்ணீர்

அன்று பிற்பகல் சம்மனசுபட்டி மாதா கோயில் பந்தலுக்குக் கீழே இருந்தவர்கள் இவர்கள்: கொடியின் கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டும் சூசைமாணிக்கம், அவரைப் பார்க்க பிலாயிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வந்து இறங்கியிருந்த சிநேகிதர் தைரியநாதன், திராட்சை ரச ஜாடிகள் இருக்கும் அறையின் சாவியை எந்நேரமும் இடுப்பில் செருகியிருக்கும் எஸ்தாக்கி, உபதேசியார் ஞானாதிக்கம், பங்குக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஆரோன் சாமியார், வாய்க்கால் மடை திறந்துவிடும் மலைச்சாமி, அவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர், ஆனாலும் மாதா கோயில் விஷயம் எதுவும் அவர் இல்லாமல் நடந்ததில்லை, பிறகு, அவருடைய வெள்ளாடு. மனிதர் ஆறு, ஆடு ஒன்று. சூசைமாணிக்கம் எங்கே போனாலும் முதலில் தலைகளை எண்ணிவிடுவார். எண்ணி முடித்தால்தான் அவருக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

அவர்களுக்கு மேலே கிழட்டுக் கொடி படர்ந்திருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் எங்கே பார்த்தாலும் கறுப்புத் திராட்சைதான், ஆனால் இந்தக் கொடி பச்சைத் திராட்சைக் கொடி, இதன் அடித்தண்டு ஆட்டுரல் பருமன், இதை நட்டவர் யாரென்று ஊரில் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள யாரும் அலையவுமில்லை. வயதான கொடி என்பதால் குலைகள் குறைவு, பழங்கள் சிறிசு, ஆனால் அந்தக் கொஞ்சத்தைப் பிழிந்து ஜாடியில் ஊற்றித் துணியால் வாயைக் கட்டி வைத்தால் வைக்கோல் நிறத்தில் ஒரு வெள்ளை ரசம் தெளிந்து வரும். பூசைக்குப் போக மீதி ஊருக்கு. முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு கரண்டி கொடுப்பார்கள், கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரு தம்ளர், கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு ஒரு செம்பு.

அந்த ரசத்தை ஒரு தடவை குடித்தவர்களுக்கு, கொடியைக் கவாத்து வெட்டும் நாளில் கண்ணிலிருந்து தண்ணீர் வரும். கவாத்து வெட்டிய திராட்சைக் கொடி வெட்டிய முனையெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் என்பது பள்ளத்தாக்கில் எல்லோரும் பார்த்திருப்பது. சம்மனசுபட்டிக் கொடி சொட்டும்போது சம்மனசுபட்டி ஆட்களும் சொட்டினார்கள், அவ்வளவுதான். துக்கமும் இல்லை, எரிச்சலும் இல்லை, கண் பாட்டுக்கு ஓடும், மூன்று நாள் ஓடிவிட்டு நின்றுவிடும். அந்த மூன்று நாளும் ஜாடிகளில் ரசமும் கலங்கிக் கிடக்கும் என்பதால் அறையை யாரும் திறப்பதில்லை.

ஊர் இதற்குத் தன்னைப் பழக்கிக்கொண்டிருந்தது. வருஷம் இரண்டு கவாத்து. அந்த வாரங்களில் யாரும் பெண் பார்க்கப் போவதில்லை, போட்டோ எடுப்பதில்லை, லைசென்ஸுக்கு வண்டி ஓட்டிக் காட்டப் போவதில்லை. ரேஷன் கடைக்காரர் வெளியூர்க்காரர் என்றாலும் ஒரு கிறிஸ்துமஸுக்கு ஆசையாக வாங்கிக் குடித்துவிட்டதால் அவரும் அழுதுகொண்டே அரிசி அளந்தார். ஆரோன் சாமியாருக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அவர் முதல் கவாத்தன்று கோயிலில் இன்னாருக்கு இன்னாரோடு என்று கல்யாண அறிக்கை வாசிக்கும்போது கரகரவென்று அழ, மாப்பிள்ளை வீட்டாருக்குச் சந்தேகம் வந்து பெண்ணைப் பற்றி மறுபடியும் விசாரித்தார்கள். மலைச்சாமியின் ஆடு ஒருநாள் ஜாடி கழுவிய வண்டலை நக்கிவிட்டது, அதுவும் அழுதது.

எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி ஒன்று இருந்தது. கவாத்து நாளில் யார் எதற்காக அழுகிறார்கள் என்று கேட்பது ஊரில் மரியாதை இல்லை. அதனால் மாமியாரிடம் பேச்சு வாங்கியவளும், மகன் பேசாமல் போனவனும், வயிற்றில் வந்து தங்காமல் போன பிள்ளையை நினைத்துக்கொண்டிருப்பவளும், ஆறு மாதம் சேர்த்து வைத்ததையெல்லாம் கொடியின் தண்ணீரோடு சேர்த்து விட்டுவிடுவார்கள், பக்கத்தில் இருப்பவர் முந்தானையை நீட்டுவாரே தவிர வாயைத் திறக்கமாட்டார்.

சூசைமாணிக்கத்துக்கு மட்டும் அந்த மூன்று நாள் கிடையாது. புதுநன்மை அன்று அவருக்கு அம்மை போட்டிருந்தது, கரண்டி ரசம் தவறிப்போனது. வளர்ந்த பிறகு ஊர் அவரை உற்றுப் பார்த்தது. அதுவரைக்கும் கவாத்து வெட்டினவர்கள் எல்லோருமே ரசம் குடித்தவர்கள், முதல் வெட்டிலேயே கண் நிறைந்து, கணு எது கிளை எது என்று தெரியாமல் வெட்டி, கொடி ஒரு பக்கம் காய்ந்துகொண்டே வந்திருந்தது. காய்ந்த கண்ணோடு ஓர் ஆள் கிடைத்ததும் ஊர் விடவில்லை. கத்தரியை அவர் கையில் கொடுத்து, ஜாடியை அவருடைய கல்யாணத்தில்கூட அவரிடமிருந்து தள்ளி வைத்தார்கள். அவரும் ஒத்துக்கொண்டார். கிளைக்கு இரண்டு கணு விட்டு, மொட்டுக்கு எதிர்ப்பக்கம் சரித்து வெட்டுவார், சொட்டும் தண்ணீர் மொட்டில் படாமல் இறங்கவேண்டும். கடைசியில் கொடியில் நூற்றிருபது கிளைகள் நிற்கும், அதற்கு மேல் ஒன்று நின்றாலும் கிழட்டுக் கொடிக்குப் பாரம் என்பது அவர் கணக்கு. ஒரு தடவை அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது ஒப்பந்தத்துக்கு வெளியூர் ஆட்களை வைத்து வெட்டினார்கள், அவர்கள் ஒட்ட வெட்டிப் பிய்த்துப் போட்டதில் ஊர் மூன்று நாளில் நிற்காமல் பதினொரு நாள் அழுதது, வற்றிய உடம்புக்கு உப்பும் வீங்கிய கண்ணுக்கு வெந்தயமும் விற்ற கடைக்காரர் மட்டும்தான் லாபம் பார்த்தார். அதிலிருந்து அவருக்குக் காய்ச்சல் வரக்கூடாது என்று ஊரே வேண்டிக்கொண்டது.

ஊரையெல்லாம் அழ வைத்துவிட்டுக் காய்ந்த கண்ணோடு ஏணியிலிருந்து இறங்குகிற மனிதர் அவர். அவருடைய மனைவி ரோசம்மா இறந்தபோதும் அப்படித்தான் நின்றார். கவாத்து வரும், அப்போது அழுதுகொள்ளலாம் என்று தள்ளிப்போட அவருக்குக் கவாத்தும் இல்லை. கூட்டத்துக்கு நடுவே அழக் கூச்சம். வந்தவர்களை எண்ணி, எல்லோருக்கும் காப்பி போதுமா என்று மட்டும் பார்த்தார்.

தைரியநாதன் இதையெல்லாம் தெரிந்தவர். இருபத்தைந்து வயதில் உருக்காலை வேலைக்கு வடக்கே போனார், அங்கேயே குடித்தனம், அங்கேயே பிள்ளைகள். வருஷம் இரண்டு தடவை உலைக்கு முன்னால் நிற்கும்போது கண்ணிலிருந்து தண்ணீர் வரும், கூட வேலை செய்கிறவர்கள், "என்ன நாதன், இன்னைக்கு உங்க ஊர்ல வெட்டா?" என்று கேட்டு அவரை நிழல் பக்கம் அனுப்புவார்கள். போன் இல்லாத காலத்தில் சூசை உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அவருக்கு அதுதான் சேதி.

இப்போது மகள் அவரை நியூசிலாந்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். மறுநாள் சாயங்கால பஸ்ஸில் மதுரை, அங்கிருந்து விமானம். திரும்பி வருவதற்கு வயது இடம் கொடுக்காது என்று அவருக்கும் தெரியும். மறுநாள் காலையில் கவாத்து. வாய்க்கால் தண்ணீர் முறை மாறிவிட்டால் வெட்டு ஒரு மாதம் தள்ளும், அதனால் தேதியை மாற்ற வழியில்லை.

"சூசை," என்றார் தைரியநாதன், எஸ்தாக்கி கொண்டுவந்து வைத்த அவித்த மொச்சையை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டே, "நான் ஒண்ணு கேட்பேன். இல்லைன்னு சொல்லக்கூடாது."

"கேளு. சொல்றதை அப்புறம் பார்ப்போம்."

"எங்கூட உட்கார்ந்து ஒரு தம்ளர் ரசம் குடி."

எல்லோருடைய தலையும் சூசைமாணிக்கத்தின் பக்கம் திரும்பியது. ஆடுகூட மெல்லுவதை நிறுத்தினது போல இருந்தது.

முதலில் வாய் திறந்தவர் உபதேசியார். "என்ன பேச்சு இது? விடிஞ்சா வெட்டு. இவரு கண்ணுலயும் தண்ணி வந்தா யாரு வெட்டுறது? நீங்களா?"

"வருஷம் ரெண்டு தடவை அவன் இங்கிட்டு வெட்டுறான், நான் அங்கிட்டு அழுறேன்," என்றார் தைரியநாதன். " அவன்கிட்ட இருந்து எனக்கு வருது. என்கிட்ட இருந்து அவனுக்கு என்ன போகுது? ஒண்ணும் போகல. இத்தனை காலத்துல ஒரு நாளாவது ரெண்டு பேருக்கும் சேர்ந்து வரட்டுமே. பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து."

"அண்ணே, ஆசை நல்ல ஆசைதான்," என்றார் மலைச்சாமி. "ஆனா கொடி செத்துருச்சுன்னா?"

"வெட்டி முடிச்சிட்டு நாளைக்குக் குடிக்கட்டும்," என்றார் உபதேசியார்.

"நாளைக்கு ஜாடி கலங்கிடும்," என்றாள் எஸ்தாக்கி. "தெளியுறப்ப இவரு ஏரோப்ளேன் ஏறிப் போயிருப்பாரு."

எல்லோரும் சாமியாரைப் பார்த்தார்கள். ஆரோன் சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்கு ஆயர் இல்லத்துல அனுமதி கேட்கணுமான்னு எனக்குத் தெரியல. கேட்டா, எதைப் பத்தின்னு எழுதுறதுன்னும் தெரியல."

"எழுதாதீங்க சாமி. எழுதினா வந்து பார்ப்பாங்க, பார்த்தா குடிப்பாங்க, குடிச்சா அங்க உட்கார்ந்து அழுவாங்க," என்றார் மலைச்சாமி.

சூசைமாணிக்கம் தலை நிமிர்ந்து கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவாத்துக்காரர் என்பதைத் தவிர அவருக்கு ஊரில் வேறு பெயர் இல்லை. கத்தரியை வைத்துவிட்டால் தலைகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு கிழவர், அவ்வளவுதான். கொடி காய்ந்தால் அந்தப் பழியும் தன் பெயரில்தான் விழும். இன்னொரு பக்கம், எதிரே உட்கார்ந்து மொச்சையைத் தின்னத் தெரியாமல் தோலைத் துப்பிக்கொண்டிருப்பவன் நாளை இருட்டுவதற்குள் பஸ்ஸில் இருப்பான். இரண்டையும் தராசில் வைத்தது போல அவர் மாற்றி மாற்றிப் பார்த்தார், முள் எந்தப் பக்கமும் சாயவில்லை.

"நீ ரசத்தைக் குடிச்சிருக்கே, நான் குடிச்சதில்லை," என்றார் கடைசியில், மிகவும் மெதுவாக. "என்ன ருசின்னுகூட எனக்குத் தெரியாது."

அதைக் கேட்டதும் எஸ்தாக்கி எழுந்துகொண்டாள். "உபதேசியாரே, இந்த ஊருல ஆடுகூட ருசி பார்த்த ரசம். அதை விளைய வைக்கிற மனுஷனுக்கு ஒரு வாய் கிடையாது. ரோசம்மா போனப்ப இவருக்குக் கல்லு மனசுன்னு ஊரு பேசுச்சு. அழுறதுக்கு நாம ஒரு நாள் ஒதுக்கிக் கொடுத்தோமா இவருக்கு?" என்று சொல்லிக்கொண்டே இடுப்புச் சாவியை உருவினாள்.

"கொடி செத்தா?" என்றார் உபதேசியார் மறுபடியும், ஆனால் இந்தத் தடவை குரல் தாழ்ந்திருந்தது.

"செத்தா எல்லாருமா சேர்ந்து அழுவோம். நமக்குத்தான் பழக்கமாச்சே."

அவள் உள்ளேயிருந்த ஜாடிகளில் மூத்ததைத் திறந்து ஒரு செம்பில் மொண்டு வந்தாள். மண் பானைத் தண்ணீரில் செம்பை அரை மணி நேரம் இறக்கி வைத்தாள், அதுவரை யாரும் எழுந்து போகவில்லை. பிறகு இரண்டு டீ கிளாஸ்களில் ஊற்றினாள். வெயில் பந்தல் சந்தில் இறங்கி கிளாஸின் மேல் விழுந்தபோது அது காய்ந்த வைக்கோலும் எலுமிச்சம்பழத் தோலும் கலந்த நிறத்தில் நின்றது.

சூசைமாணிக்கம் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். வெயிலில் சுட்ட கல்லின் மேல் முதல் தூறல் விழுந்த வாசம் வந்தது, அதற்குப் பின்னால் கொய்யாத் தோல், அதற்கும் பின்னால் எங்கேயோ தேன்மெழுகு. ஒரு வாய் குடித்தார். முதலில் புளித்தது, நாக்கின் இரண்டு ஓரமும் சுருங்கின, பிறகு நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தது போல ஓர் இனிப்பு தொண்டையிலிருந்து மேலே ஏறி வந்தது, வந்து போகாமல் நின்றது. அதில் அவருக்குத் தெரிந்தவையெல்லாம் இருந்தன. பூ நேரத்தில் சாரல் அடித்து பாதிக் குலை உதிர்ந்த வருஷம் இருந்தது, வாய்க்கால் வற்றி அவரும் ரோசம்மாவும் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் சுமந்து ஊற்றிய கோடை இருந்தது, அந்தத் தண்ணீரில் இருந்த லேசான உப்புகூட இருந்தது. தான் செய்த வேலை இன்ன ருசியில் இருக்கும் என்று எழுபது வயதுக்கு மேல் அவர் தெரிந்துகொண்டார்.

"எப்படி இருக்கு?" என்றார் தைரியநாதன்.

"நல்லா இருக்கு."

"அவ்வளவுதானா?"

"கொஞ்சம் உப்பு இருக்கு."

"உப்பா? எனக்குத் தெரியலையே."

"இருக்கு. நல்லா வாயில வச்சிருந்து பாரு."

தைரியநாதன் வாயில் வைத்திருந்து பார்த்தார். "ஆமாப்பா, இருக்கு!" என்றார், ஏதோ தொலைந்த பொருள் கிடைத்தது போல. பிறகு சாமியார் குடித்துப் பார்த்து இருக்கிறது என்றார், மலைச்சாமி குடித்துப் பார்த்து அது மோட்டார் கிணற்றுத் தண்ணீரின் உப்பு என்றார், உபதேசியார் இல்லை என்று சாதித்து, நிச்சயம் செய்துகொள்ள இன்னொரு கிளாஸ் கேட்டார். இரண்டு சிநேகிதர்களும் வெயில் மலைக்குப் பின்னால் போகும்வரைக்கும் உட்கார்ந்து ஆளுக்கு மூன்று கிளாஸ் குடித்தார்கள். நியூசிலாந்தில் ஆடுகள் ஜாஸ்தி என்று பேசினார்கள். அங்கேயும் திராட்சை உண்டாம், கம்பியில் ஏற்றி இடுப்பு உயரத்தில் நிறுத்துவார்களாம் என்றார் தைரியநாதன். குனிந்து வெட்டினால் இடுப்பு போய்விடும், எதற்கும் அவர்களிடம் சொல்லி வை என்றார் சூசைமாணிக்கம்.

காலையில் சேதி ஊரெல்லாம் பரவியிருந்தது. வழக்கமாகக் கவாத்தன்று வீட்டுக்குள் இருப்பவர்கள் அன்று கோயில் வாசலில் நின்றார்கள். சூசைமாணிக்கம் ஏணியில் ஏறினார், கீழே தைரியநாதன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். முதல் கிளையில் இரண்டு கணு தள்ளி, மொட்டுக்கு எதிரே சரித்து, கத்தரியை அழுத்தினார். வெட்டிய முனையில் ஒரு துளி திரண்டது. வாசலில் நின்ற எல்லோருக்கும் கண் நிறைந்தது. ஆடு தலையை உதறியது. சூசைமாணிக்கம் ஒரு கணம் காய்ந்த கண்ணோடு நின்றார், உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார், பிறகு அந்தத் துளி விழுந்தது, ஏணிக்கு மேலே இருந்தவருடைய கண்ணிலிருந்தும் தண்ணீர் இறங்கத் தொடங்கியது.

முதலில் அது கொடியின் தண்ணீராக மட்டும்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவருடைய தோள்கள் குலுங்கின, ரோசம்மா என்ற பேர் வாயிலிருந்து வந்தது, ஒரு தடவை மெதுவாக, இன்னொரு தடவை பந்தல் முழுக்கக் கேட்கும்படி. யாரும் எதுவும் கேட்கவில்லை. தைரியநாதன் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே நின்று அழுதார். அவர் எதற்கு அழுதார் என்றும் யாரும் கேட்கவில்லை.

அழுது கொஞ்சம் ஓய்ந்ததும் சூசைமாணிக்கம் அடுத்த கிளைக்குக் கை நீட்டினார். கண்ணுக்கு எல்லாம் பச்சையும் வெளிச்சமுமாகக் கரைந்து தெரிந்தது. கத்தரி காற்றில் நின்றது.

"தெரியலையா?" என்றார் தைரியநாதன் கீழிருந்து.

"ஒண்ணும் தெரியல."

"எனக்கும்தான் தெரியல. கண்ணை மூடிக்கோ."

கண்ணை மூடிக்கொண்டதும் விரல்களுக்குக் கிளை வந்துவிட்டது. கட்டைவிரல் முதல் கணுவைத் தொட்டது, இரண்டாவது கணுவைத் தொட்டது, மொட்டு எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கிறது என்று தொட்டது, கத்தரி தானாகச் சரிந்தது. வெட்டினார். அடுத்தது. அதற்கடுத்தது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஏணியை நகர்த்த முடியாது, வெட்டிய கிளையை எட்டிப் பிடித்து இழுக்க முடியாது, இந்த வேகத்தில் போனால் இருட்டிவிடும். அதனால் மலைச்சாமி வந்து ஒரு பக்கம் கொடியைத் தாங்கினார். எஸ்தாக்கி வீட்டிலிருந்து இன்னொரு கத்தரியோடு வந்தாள். உபதேசியார், "ரெண்டு கணுதானே? ரெண்டுதானே?" என்று கேட்டுக் கேட்டுத் தடவினார். சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெஞ்சின் மேல் ஏறினார். வாசலில் நின்றவர்களும் ஒவ்வொருவராகப் பந்தலுக்குக் கீழே வந்தார்கள், கண்ணில் தண்ணீர் ஓட, இருந்த கத்தரிகளை மாற்றி மாற்றி வாங்கி, கைகளை மேலே தூக்கித் தடவிக்கொண்டு.

"சூசையண்ணே, இதை வெட்டவா?"

"மொட்டு எந்தப் பக்கம் இருக்கு?"

"வெளிப்பக்கம்."

"அப்ப உள்பக்கமா சரி. மெதுவா. பிய்க்காதே."

"எனக்கு இது ஒரு கணுவா ரெண்டு கணுவான்னே புரியல அண்ணே."

"விரலை எடுத்துட்டு மறுபடி வை. அவசரமில்ல."

இத்தனை வருஷம் ஏணி மேலே ஒற்றை ஆளாக நின்றவர், ஒரு வருஷத்தில் பேசுகிற பேச்சை அந்த ஒரே நாளில் பேசினார். கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை, யாருக்கும் யார் முகமும் சரியாகத் தெரியாததால் அது தேவைப்படவில்லையோ என்னவோ.

மத்தியானத்துக்குப் பிறகு வேலை முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது, தைரியநாதன் சிநேகிதரின் தோளில் சாய்ந்துகொண்டார், இருவர் கண்ணிலும் ஒரே வேகத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"அங்க போனப்புறமும் வரும்ல?" என்றார் சூசைமாணிக்கம்.

"பிலாய்க்கு வந்தது அங்க வராதா? எனக்கு வர்றப்ப உனக்கும் வருதுன்னு நினைச்சுக்கிடுவேன்."

"வரும். வந்துக்கிட்டே இருக்கும்."

பிறகு சூசைமாணிக்கம் எழுந்தார். யார் தடுத்தும் கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டு பந்தலின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரைக்கும் நடந்து, நின்ற கிளைகளை விரலால் தொட்டு எண்ணினார். வெட்டுகள் சுத்தமாக இருந்தன, மொட்டுகள் நனையவில்லை. கொடி சாகாது. ஆனால் பயந்த கைகள் அங்கங்கே ஒன்றை மிச்சம் வைத்திருந்தன, மற்றவர் வெட்டிக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் விட்டிருந்தார்கள்.

"கூடுதலா இருக்கா சூசை?" என்றார் உபதேசியார் குற்றவாளி போல. "எது எதுன்னு சொல்லுங்க, எடுத்துருவோம்."

சூசைமாணிக்கம் கத்தரியை எடுத்தார். கடைசியாகத் தொட்ட கிளையை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார், அதில் இருப்பது சாமியாரின் வெட்டா எஸ்தாக்கியின் வெட்டா என்று அவருக்கே தெரியவில்லை. கத்தரியை மடக்கி இடுப்பில் செருகினார்.

"இருக்கட்டும்," என்றார். "தாங்கும்."

நூற்றிருபது நிற்கவேண்டிய இடத்தில் அந்தக் கவாத்தில் கொடியில் மிஞ்சியவை நூற்று முப்பத்தொரு கிளைகள்.